இலக்குக் காத்த வீரர்

பண்டைத் தமிழர் போர்முறைகளைப் பலவாக வகுத்து, ஒவ்வொன்றற்கும் ஒரு பூவின் பெயரை இட்டு வழங்கினர். பகைவருடைய மதிலை வளைத்துக்கொள்வோர் உழிஞைப் பூவைச் சூடுவர். உள்ளே நின்று மதிலைக் காப்போர் நொச்சிப் பூவைச் சூடுவர். புறப்பொருள் வெண்பாமாலை இவ்விரண்டையும் தனித்தனிப் படலங்களில் வைத்துக் கூறுகின்றது. மதிலைத் தாக்குவதற்கு வீரம் வேண்டும் என்பதை எல்லாரும் அறிவர். அதனைக் காப்பதற்கும் அவ்வளவு வீரம் வேண்டும் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். அதனாலன்றோ காப்பவனுக்கும் அவர்கள் ஒரு பூவைக் கொடுத்தார்கள்!

விளையாட்டுக் களத்திலும் உழிஞையார் உளர், நொச்சியார் உளர். ஆயினும் அங்கே கூடி நிற்கும் மக்கள் பெரும்பாலும் தாக்குவோரையே கொண்டாடுகின்றனர். 1928-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் இந்தியர் முதன்முதலாக ஹாக்கியில் தங்கப் பதக்கம் பெற்றனர். அப்போட்டியில் பதினான்கு கோல்களை அடித்த தியான்சந்தின் பெயரை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். அதே போட்டியில் இந்திய அணியின் இலக்கினுள் ஒரு கோலும் புகவில்லை. அந்த இலக்கைக் காத்து நின்றவர் ரிச்சர்டு ஆலன் என்பவர். அவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? அடித்த கோல் கணக்கில் ஏறும். தடுத்த கோல் எந்தக் கணக்கிலும் ஏறாது. இதுவே இலக்குக் காவலரின் நிலை.

அத்தகைய காவலர் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம். அவர் பெயர் சங்கர் லட்சுமண். இந்தியாவின் பொருட்டு மூன்று ஒலிம்பிக் இறுதி ஆட்டங்களில் இலக்கைக் காத்தவர் அவர்.

வளைகோற் பந்தாட்டம் எனப்படும் ஹாக்கியில் ஓர் அணிக்குப் பதினொருவர் ஆடுவர். அவருள் பதின்மர் வளைகோலால் மட்டுமே பந்தைத் தொடலாம். பதினொராமவராகிய இலக்குக் காவலர், இலக்கின் முன்னுள்ள அரைவட்டத்துக்குள் நிற்கும்போது கையாலும் காலாலும் உடலாலும் பந்தைத் தடுக்கலாம். அவர் காக்க வேண்டிய இலக்கின் அகலம் 12 அடி. உயரம் 7 அடி. பந்தோ உள்ளங்கையில் அடங்குவது. ஆயினும் கல்லைப் போன்ற கடினமுடையது. ஏறத்தாழ 160 கிராம் எடையுள்ள அப்பந்து, தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் ஓங்கி அடிக்கும்போது கண் இமைப்பதற்குள் இலக்கை எட்டிவிடும்.

இற்றைநாள் காவலர் தலைக்கவசம், மார்புக்கவசம், பருத்த காலுறைகள் ஆகியவற்றை அணிந்து களத்தில் நிற்கின்றனர். லட்சுமண் ஆடிய காலத்தில் அத்துணைக் காப்பு இல்லை. காலில் கட்டும் திண்டுகளும், பந்தை உதைப்பதற்குரிய தடித்த காலணிகளும், கையுறைகளுமே அவர்க்குத் துணை. முகத்துக்கு மறைப்பு ஒன்றும் இல்லை. களமும் இன்றுள்ள செயற்கைத் தளம் அன்று, புல்தரையே. புல்தரையில் ஓடிவரும் பந்து எந்த மேட்டில் பட்டு எவ்வளவு எழும் என்று முன்னரே உறுதி கூற இயலாது. ஆகவே, கண்ணும் காலும் ஒரே நொடியில் ஒன்றுபட்டுத் தொழில் செய்தாலன்றிப் பந்தைத் தடுத்தல் அரிது.

இவ்வேலையில் வலிமையினும் அறிவே முதன்மையானது. இருட்டறையில் ஒரு விளக்கின் முன் கையை வைத்துப் பாருங்கள். கை விளக்கை நெருங்க நெருங்கச் சுவரில் விழும் நிழல் பெருகும். பந்தை விளக்காகவும், காவலரைக் கையாகவும், இலக்கைச் சுவராகவும் எண்ணுங்கள். காவலர் இலக்குக் கோட்டிலேயே நின்றால் இருபுறமும் வெளி மிகுதியாக இருக்கும். பந்தை நோக்கிச் சில அடிகள் முன்னேறினால், அடிப்பவர் கண்ணுக்கு அந்த வெளி குறுகிவிடும். ஆனால் முன்னேறும் நேரம் தவறினால், எதிரி பந்தை வேறொருவருக்குத் தள்ளிவிடுவார். காவலர் விட்டுச்சென்ற இலக்கு வெறுமையாகக் கிடக்கும். எப்போது நிற்பது, எப்போது பாய்வது என்று தெரிதலே காவலரின் கல்வி. தடுத்த பந்தையும் இலக்கின் நேர்முன்னே விடலாகாது. பக்கவாட்டில் விலக்கி உதைத்தல் வேண்டும். அன்றேல், அதே பந்து மீண்டும் அடிக்கப்பட்டு உள்ளே புகுந்துவிடும்.

இக்கல்வியை லட்சுமண் எங்ஙனம் பெற்றார்? மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்கு அருகில் மாவ் என்னும் ஊர் உள்ளது. படைவீரர் தங்கும் பாசறையூர் அது. அறிஞர் அம்பேத்கர் பிறந்த ஊரும் அதுவே. அவ்வூரில் 1933-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள் லட்சுமண் பிறந்தார். இளமையில் அவர் கால்பந்து ஆடினார். காலால் பந்தை அடக்கியும் விலக்கியும் உதைத்தும் பெற்ற பழக்கம், பின்னாளில் காவலராக நின்றபோது அவர்க்குப் பெரிதும் பயன்பட்டிருக்கும் எனலாம்.

நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் அவர் இந்தியப் படையில் சேர்ந்தார். அப்பொழுது அவர்க்கு வயது பதினான்கு அளவே. துப்பாக்கி ஏந்தும் வீரராக அல்லர், படையின் இசைக்குழுவில் ஒருவராகவே அவர் பணி தொடங்கிற்று. படையில் ஆட்டக்களங்களும் இருந்தன, ஆட்டக்காரர்களும் இருந்தனர். தியான்சந்தும் படையிலிருந்து எழுந்த வீரரே அன்றோ? அவ்வாறே லட்சுமணும் படைவீரர்களின் அணியில் ஆடிப் பெயர் பெற்று, நாட்டின் அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் நகரில் ஒலிம்பிக் போட்டி நடைபெற்றது. இந்திய அணியில் இலக்குக் காவலர் இருவர் இருந்தனர். ஒருவர் சென்னையின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ரங்கநாதன் பிரான்சிஸ். அவர் 1948-இல் இலண்டனிலும் 1952-இல் ஹெல்சிங்கியிலும் தங்கம் வென்ற அணிகளில் இடம் பெற்றவர். மற்றவர் இருபத்துமூன்று வயதினராகிய லட்சுமண்.

இந்திய அணியினர் ஆப்கானிஸ்தானை 14 கோல்களாலும், அமெரிக்காவை 16 கோல்களாலும், சிங்கப்பூரை 6 கோல்களாலும் வென்றனர். அரையிறுதியில் ஜெர்மானியர் கடுமையாக எதிர்த்தனர். இந்தியா ஒரே கோலால் தப்பியது. டிசம்பர் 6-ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் எதிர்ப்பட்டவர் பாகிஸ்தானியர்.

அவ்வெதிரிகள் அயலார் அல்லர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்வரை இரு நாட்டினரும் ஒரே அணியில் ஆடிவந்தவர்கள். 1936-இல் இந்திய அணியில் ஆடித் தங்கம் வென்ற தாரா என்பவரே, 1948-இல் பாகிஸ்தான் அணிக்குத் தலைவராக வந்தார் என்றால் வேறு சொல்ல வேண்டா. ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்ட இரு மாணவர் போல, ஒருவர் நுணுக்கத்தை மற்றவர் முற்றும் அறிந்திருந்தனர். அதனால் அந்நாளில் அவ்விரு நாடுகளின் ஆட்டங்களில் கோல்கள் மலிந்து விழவில்லை. ஒரு கோல் விழுந்தால் அதுவே வெற்றி, அதுவே தோல்வி.

மெல்போர்னில் அந்த ஒரு கோல் இந்தியாவுக்குக் கிடைத்தது. 'பெனால்டி கார்னர்' என்னும் தண்டனை மூலையடியில் ரண்தீர் சிங் ஜென்டில் அதனை அடித்தார். அணித்தலைவர் பல்பீர் சிங் கைவிரல் எலும்பு முறிந்திருந்தும் வலியைப் பொறுத்து ஆடினார். ஒரு கோல் அடித்தாயிற்று. இனி அதனைக் காக்கும் பொறுப்பு பின்னணியினருடையது. ஆட்டம் முடியும்வரை லட்சுமண் தம் இலக்கில் பந்து புக விடவில்லை. அப்போட்டி முழுவதிலும் இந்தியர் 38 கோல்கள் அடித்தனர்; எதிரிகளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. இந்தியாவுக்கு அஃது ஆறாவது தங்கப் பதக்கம்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1960-ஆம் ஆண்டு ரோம் நகரில் அடுத்த ஒலிம்பிக் போட்டி கூடிற்று. லெஸ்லி கிளாடியஸ் தலைமையில் சென்ற அணிக்கு லட்சுமணே காவலர். காலிறுதியில் ஆஸ்திரேலியாவையும், அரையிறுதியில் பிரிட்டனையும் இந்தியர் ஒவ்வொரு கோலால் வென்றனர். அவ்விரண்டு ஆட்டங்களிலும் லட்சுமண் காத்த இலக்கு தூயதாகவே நின்றது. செப்டம்பர் 9-ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரில் நின்றவர் மீண்டும் பாகிஸ்தானியர்.

ஆட்டத்தின் முற்பாதியில் நசீர் அகமது என்னும் பாகிஸ்தான் வீரர் அடித்த பந்து லட்சுமணைக் கடந்து இலக்கினுள் சென்றது. இந்தியர் அதனை ஈடுசெய்ய எவ்வளவோ முயன்றனர், இயலவில்லை. 1928 முதல் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒலிம்பிக் ஹாக்கியில் தோல்வியே அறியாதிருந்த நாடு அன்று தோற்றது. ஆறு முறை தொடர்ந்து பெற்ற தங்கம் கைவிட்டுப் போயிற்று.

மாணவர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுங்கள். முன்னணியினர் ஐவர் கோல் அடிக்கத் தவறினால், "இன்று வாய்ப்பில்லை" என்று உலகம் சொல்லும். காவலர் ஒரு பந்தைத் தவறவிட்டால், "அவரால் தோற்றோம்" என்று அதே உலகம் சொல்லும். அன்று இந்தியர் ஒரு கோலும் அடிக்காமையாலும் தோற்றனர் என்பதே உண்மை. ஆயினும், பந்து கடந்து சென்றபோது அதனைக் கடைசியாகக் கண்டவர் காவலர். வலையிலிருந்து அதனை எடுத்துக் கொடுக்கும் துயரமும் அவருடையதே. பத்துப் பந்துகளைத் தடுத்தவர் என்று அவரை யாரும் நினைப்பதில்லை. பதினோராவது பந்தை விட்டவர் என்றே நினைக்கின்றனர்.

தோல்விக்குப்பின் ஒருவன் செய்யத்தக்கவை இரண்டே. களத்தை விட்டு விலகலாம். அன்றி அதே இடத்தில் மீண்டும் நிற்கலாம். லட்சுமண் மீண்டும் நின்றார். உடனே நன்மை வந்துவிடவும் இல்லை. ரோமுக்கு முன்பே, 1958-இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவும் பாகிஸ்தானும் கோலின்றிச் சமமாக ஆடின. மொத்தக் கோல் விகிதத்தால் தங்கம் பாகிஸ்தானுக்குச் சென்றது. 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் போட்டியின் இறுதியாட்டத்திலும் பாகிஸ்தானே இரண்டு கோல்களால் வென்றது. இவ்விருமுறையும் லட்சுமண் பெற்றது வெள்ளியே. இவ்வாறு மூன்று பெரும் போட்டிகளில் ஒரே எதிரியிடம் முதலிடத்தை இழந்தபின், நான்காம் முறை நிற்பதற்கு எத்துணை மனவுறுதி வேண்டும்!

1964-ஆம் ஆண்டு அக்டோபரில் டோக்கியோ நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. அணியின் தலைவர் சரண்ஜித் சிங். காவலர் அதே லட்சுமண், வயது முப்பத்தொன்று. பழைய நாட்களைப்போல் எதிரிகளை எளிதில் வெல்லும் காலம் மறைந்துவிட்டது. ஜெர்மனியுடனும் ஸ்பெயினுடனும் ஆடிய ஆட்டங்கள் ஒவ்வொரு கோலுடன் சமமாக முடிந்தன. அரையிறுதியில் ஆஸ்திரேலியாவை 3-1 என்று வென்று இந்தியர் இறுதிக்கு வந்தனர். எதிரில் நின்றவர் யார் என்று சொல்லவும் வேண்டுமோ?

அக்டோபர் 23-ஆம் நாள் அவ்வாட்டம் நிகழ்ந்தது. முற்பாதியில் இருவரும் கோல் அடிக்கவில்லை. பிற்பாதியில் இந்தியாவுக்கு ஒரு தண்டனை மூலையடி கிடைத்தது. பிருதிபால் சிங் ஓங்கி அடித்த பந்து இலக்குக் கோட்டில் நின்ற பாகிஸ்தான் வீரர் ஒருவரின் காலில் பட்டுத் தடைப்பட்டது. காலால் தடுத்தது குற்றமாதலின் இந்தியாவுக்குத் தண்டனை அடி வழங்கப்பட்டது. மொகிந்தர் லால் அதனைக் கோலாக்கினார்.

இனி ஆட்டத்தின் சுமை முழுவதும் லட்சுமணின் தோளில் இறங்கிற்று. பாகிஸ்தானியர் அலைமேல் அலையாகத் தாக்கினர். தண்டனை மூலையடிகள் பல அவர்க்குக் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் கல் போன்ற அப்பந்து முகக்கவசம் இல்லாத அந்த மனிதரை நோக்கிப் பாய்ந்தது. காலாலும் கையாலும் உடலாலும் அவர் அதனைத் தடுத்தார். தடுத்ததைப் பக்கவாட்டில் உதைத்து விலக்கினார். மீண்டும் எழுந்து நின்றார். இறுதி ஊதல் ஒலித்தபோது இந்தியாவின் இலக்கு காக்கப்பட்டிருந்தது. ரோமில் இழந்த தங்கம் டோக்கியோவில் மீண்டது.

இம்மூன்று இறுதி ஆட்டங்களையும் ஒருசேர வைத்துக் கணக்கிடுவோம். அக்காலத்தில் ஓர் ஆட்டம் எழுபது நிமிடங்கள் நடைபெறும். மூன்று ஆட்டங்களுக்கும் 210 நிமிடங்கள். எதிரி ஒருவரே, உலகின் தலைசிறந்த அணிகளுள் ஒன்று. அத்துணை நேரத்தில் லட்சுமணைக் கடந்து சென்ற பந்து ஒன்றே ஒன்று. அந்த ஒன்று ஒரு வெள்ளிப் பதக்கத்துக்குக் காரணமாயிற்று. செல்லாமல் நின்ற மற்றவை இரண்டு தங்கப் பதக்கங்களுக்குக் காரணமாயின.

நாடு அவரைப் போற்றியது. 1964-ஆம் ஆண்டுக்குரிய அருச்சுனா விருது அவர்க்கு வழங்கப்பெற்றது. 1966-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு இந்திய அணித்தலைவராக அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். இலக்குக் காவலர் ஒருவரை அணித்தலைவராக்குதல் அந்நாளில் வழக்கமன்று. முன்னே ஆடுவோர்க்கே தலைமை உரியது என்று பலரும் கருதினர். ஆயினும், ஆட்டக்களம் முழுவதையும் தம் கண்முன் விரித்துக் காண்பவர் காவலர் ஒருவரே. யார் எங்கே நிற்கின்றார், எந்தப் பக்கம் திறந்து கிடக்கின்றது என்பதை அவரே முதலில் அறிவார். அவருடைய குரல் கேட்டே பின்னணியினர் இடம் மாறுவர். அவ்வாறாயின் அவர் தலைவராவதில் வியப்பென்ன? பாங்காக்கின் இறுதியாட்டம் கூடுதல் நேரத்துக்கு நீண்டது. இந்தியா ஒரு கோலால் பாகிஸ்தானை வென்றது. ஆசியப் போட்டி ஹாக்கியில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அதுவே. இரண்டு முறை வெள்ளி வாங்கிய கை மூன்றாம் முறை தங்கம் வாங்கிற்று. மறு ஆண்டில் அவர் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

1968-ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக் போட்டிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அத்துடன் அவர் ஆட்டக்களத்தை விட்டு விலகினார். ஆனால் படைப்பணியை விடவில்லை. இசைக்குழுச் சிறுவனாகச் சேர்ந்தவர், மராத்தா இலகு காலாட்படையில் கேப்டன் என்னும் பதவிவரை உயர்ந்து, 1979-இல் ஓய்வு பெற்றார். முப்பத்திரண்டு ஆண்டுகள் அவர் படையில் தொண்டாற்றினார்.

பின்னர்த் தாம் பிறந்த மாவ் ஊரிலேயே வாழ்ந்தார். ஆரவாரம் செய்த கூட்டங்கள் வேறு வீரர்களைத் தேடிச் சென்றன. முதுமையில் அவர் காலில் அழுகல் நோய் கண்டது. எத்தனையோ பந்துகளை எதிர்கொண்டு நின்ற காலை நோய் வருத்திற்று. 2006-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள், எழுபத்திரண்டாம் வயதில், அவர் மாவ் ஊரிலேயே உயிர் நீத்தார்.

ஒரு நாட்டின் சிறப்பு அதன் வீரர்கள் வெல்லும்போது கைதட்டுவதில் மட்டும் இல்லை. அவர்கள் முதுமையுற்று ஒதுங்கியிருக்கும் காலத்தில் நினைந்து போற்றுவதிலும் உள்ளது. அடித்தவரை நினைப்பது எளிது. காத்தவரை நினைப்பதற்குச் சற்று முயற்சி வேண்டும். ஏனெனில், காவலின் பயன் கண்ணுக்குத் தோன்றுவதன்று. ஏரிக்கரை உடையாதவரை கரைகாப்பவனை ஊர் நினைப்பதில்லை. இரயில்கள் மோதிக்கொள்ளாதவரை கைகாட்டியை இயக்குபவரைப் பயணிகள் நினைப்பதில்லை. தீமை நிகழாதிருப்பதே இவர்கள் செய்யும் நன்மை.

திருவள்ளுவர் 'அரண்' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கின்றார். மதில் எவ்வளவு மாட்சியுடையதாயினும், உள்ளிருந்து காக்கும் செயலில் மாட்சி இல்லாதாரிடத்தில் அதனால் பயனில்லை என்பது அங்கே அவர் காட்டும் முடிவு. பன்னிரண்டு அடி அகலமுள்ள இலக்கு ஒரு வெறும் மரச்சட்டமே. அதனை அரணாக்கியவர் அதில் நின்ற மனிதர்.

இனி நீங்கள் பள்ளிக் களத்தில் ஆடும்போது, கோல் அடித்த தோழனைத் தோளில் தூக்கிக் கொண்டாடுங்கள், அது முறையே. அத்துடன் நின்றுவிடாமல், களத்தின் மறுகோடிக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். அங்கே புழுதி படிந்த உடலுடன் உங்கள் காவலன் தனியே நின்றுகொண்டிருப்பான். அன்று அவன் தடுத்த பந்துகள் எத்தனை என்று அவனைக் கேளுங்கள். நொச்சிப் பூ அவனுக்கும் உரியது.